சாமியையும் விட முடியலை, சும்மாவும் இருக்க முடியலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராபுரம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பதிவு, வாரிசுச் சான்று, உடல் தானப் படிவம் என்று வருகிறவர்கள், பிரிண்ட் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். அதில் ஒரு வகை ஆட்கள் உண்டு. பிறந்த மதத்தில் மனசு ஒட்டவில்லை, வேறு மதத்துக்குப் போகவும் விருப்பமில்லை, ஆனால் எதையும் பிடித்துக்கொள்ளாமல் வாழவும் முடியவில்லை. நானும் அந்த வகைதான் என்று தெரிந்ததும் கேள்விகள் வரத் தொடங்கின. பத்துப் பேர் கேட்டாலும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க்கா, இது நாத்திகமுங்களா?

நாத்திகர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்: கடவுள் இல்லை. சரி. அதற்கப்புறமும் காலையில் எழுந்து என்ன செய்வது, யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன், செத்தவரை எப்படி நினைத்துக்கொள்வது என்பதெல்லாம் அப்படியே மிச்சம் இருக்கிறது. கடவுள் உண்டு என்பவருக்கும் அதே மிச்சம்தான். அவருக்குக் கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ பதிலைத் தயாராக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மிச்சத்துக்குத் தானே பதில் தேடி, அதன்படி நடந்து பார்ப்பதைத்தான் இங்கே பேசுகிறேன். இதில் முருகனை விடாதவர்களும் இருக்கிறார்கள், எந்தச் சாமியும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

எங்கிருந்துங்க ஆரம்பிக்கிறது? ஏதாச்சும் புஸ்தகம் படிக்கோணுமா?

படிப்பது அப்புறம். முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் ‘நான் நம்புவது’ என்று மட்டும் தலைப்புப் போடாதீர்கள். அப்படிப் போட்டவர்கள் நோட்டை எனக்குக் காட்டியிருக்கிறார்கள். அன்பு, உண்மை, மனிதநேயம். பொங்கல் வாழ்த்து அட்டை வாசகம் மாதிரி இருக்கும். அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட ஓட்ட முடியாது.

அதற்குப் பதிலாக ஒரு மாதம், செய்ததை எழுதுங்கள். யாரும் பார்க்காதபோதும் செய்தது எது, பயந்துகொண்டு செய்தது எது, ஊர் வாய்க்காகச் செய்தது எது. என் முதல் மாத நோட்டு இன்னும் இருக்கிறது. வாடிக்கையாளர் தவறிக் கூடக் கொடுத்த ஐம்பது ரூபாயைத் திருப்பித் தர பஸ் ஸ்டாண்டு வரை ஓடியிருக்கிறேன். வாசலில் மாட்டுக்கும் நாய்க்கும் தண்ணீர்த் தொட்டி நிரப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கைமாற்றுக் கேட்டு வந்தவரை, பணம் கையில் இருந்தும், ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பாரு இறந்த தேதியில் இரண்டு பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன். வேண்டாத கல்யாணம் ஒன்றுக்கு மொய் வைத்திருக்கிறேன்.

மாதக் கடைசியில் படித்தபோது, பயத்தில் செய்ததும் ஊருக்குச் செய்ததும்தான் முக்கால்வாசி. மிச்சக் கால்வாசியில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன: காசுக்குக் கணக்கு, தாகத்துக்குத் தண்ணி, செத்தவர்களுக்கு ஒரு நாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஏற்கனவே நான் பிடித்துக்கொண்டிருந்தவை அவை. அங்கிருந்து ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை காசு கொடுக்கக் கூடாது என்கிற வழக்கத்தை அன்றைக்கே அடித்துவிட்டேன். அந்த மனிதர் மருந்து வாங்கக் காசு கேட்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இது நம்மூர்ப் பழக்கமே இல்லையேங்க? வெள்ளைக்காரன் சரக்கு மாதிரி இருக்குது.

கொங்கு நாட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். விஜயமங்கலத்துச் சமணக் கோயிலைப் போய்ப் பாருங்கள். ‘பெருங்கதை’ எழுதிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர். இந்த மண்ணில் சமணம் வேரோடி இருந்தது, அப்புறம் மெலிந்தது. நட்ட கல் பேசுமா என்று கேட்ட சிவவாக்கியரைச் சித்தர் என்று கும்பிடுகிறோம். 1879இல் ஈரோட்டில் பிறந்த பெரியார் 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கினார். சாதி சமயச் சடங்குகளை ஒதுக்கி ஜோதியைப் பிடித்துக்கொண்ட வள்ளலார் நம் பக்கத்தவர் இல்லை, ஆனால் அவர் பெயரில் நடக்கும் அன்னதானத்தை இங்கே எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

இன்னொன்று. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் சடங்குகளை நடத்தி வைத்தவர் ஐயர் இல்லை, அருமைக்காரர் என்கிற குடும்பஸ்தர். மங்கல வாழ்த்துப் பாடியவர் நாவிதர். வேதம் தெரியாமலே பரம்பரை பரம்பரையாகக் கல்யாணம் செய்து குடும்பம் நடத்திய ஊர் இது. ஓமகுண்டமும் புகையும் மண்டபத்துக்குள் வந்தது என் அம்மாவின் காலத்தில்தான் என்று அம்மாவே சொல்வார்.

அப்ப கோயிலுக்குப் போறதை விட்டுடோணுமா?

வேண்டியதில்லை. எதற்குப் போகிறோம் என்று நோட்டில் எழுதத் தெரிந்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசருக்கு எந்தச் சாமி மேலும் நம்பிக்கை இல்லை, ஆனால் வருஷம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுவார். “மூணாவது மலையிலயே எந்திமிரு எறங்கிப் போயிருதுங்க்கா” என்பார். இதைவிட நல்ல காரணம் பக்தர்களிடமும் நான் கேட்டதில்லை.

குலதெய்வத்தை விட்டா குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். பெருமாளை விட்டேன், பிள்ளையாரை விட்டேன் என்று சத்தமாகச் சொல்கிறவர்கூட குலதெய்வம் என்றதும் தடுமாறுவார். காரணம் உண்டு. மற்ற சாமிகள் வானத்தில் இருக்கிறார்கள். குலதெய்வம் நம் பங்காளி மாதிரி, நமக்கு முன்னால் செத்தவர்களோடு சேர்ந்து நிற்கிறது. அண்ணமார் சாமி கதையை உடுக்கை அடித்துப் பாடக் கேட்டிருப்பீர்கள். பொன்னரும் சங்கரும் நம்மைப்போலச் சண்டை போட்டு, நிலம் உழுது, செத்துப்போன மனுஷர்கள். அவர்களை நினைத்து ஒரு நாள் கூடுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. போகவில்லை என்பதற்காகப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்றால், அந்தப் பயத்தை மட்டும் நான் ஏற்பதில்லை.

ஆனால் குலதெய்வத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர் “உங்க குலதெய்வம் எதுங்க?” என்று கேட்டால் அது பக்திக் கேள்வி அல்ல. என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம், பங்காளியா, மாமன் மச்சான் முறையா, முக்கியமாக என்ன சாதி, எல்லாம் அந்த ஒரு பதிலில் வந்து விழுந்துவிடும். சொந்தமாக ஒரு நம்பிக்கை அமைத்துக்கொள்கிறவர் இந்த இடத்தில்தான் முதன்முதலாக முட்டிக்கொள்கிறார். சாமியை விடுவது இங்கே பெரிய காரியமே இல்லை. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மகள் வேறு சாதிப் பையனைக் காட்டும்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் நோட்டின் எடை தெரியும். அந்தப் பக்கத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். சமயம் வந்தபிறகு எழுத உட்கார்ந்தவர்கள் பழைய பதிலைத்தான் எழுதினார்கள்.

பூக்கேக்காம, ஜோசியம் பாக்காம முடிவு எடுக்கப் பயமா இருக்குதுங்க்கா.

பயம் நியாயம்தான். நம் ஊரே உத்தரவு கேட்டு நடக்கும் ஊர். காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளை, சாமி முன் பூப்போட்டு உத்தரவு கேட்டு உறுதி செய்து, உத்தரவுப் பெட்டியில் வைப்பார்கள். மண் வந்தால் என்ன, தண்ணீர் வந்தால் என்ன என்று டீக்கடை முழுக்கப் பேசும். பல்லி கத்தினால் பேச்சை நிறுத்தி ‘பாத்தியா’ என்பார்கள்.

என் தம்பி கதையைச் சொல்கிறேன். தோட்டத்தில் போர் போட, பாயிண்ட் பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தான். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்தார், தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பு போட்டார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ராத்திரி முழுக்க ஓடியது. தொள்ளாயிரம் அடி வரை புகையும் பொடியும்தான். கடன் அடைக்க நாலு வருஷம் ஆனது. அவனை நான் திட்டவில்லை. தரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, ‘இங்கதான்’ என்று அடித்துச் சொல்ல ஒரு குரல் வேண்டியிருக்கிறது. பூவும் ஜோசியமும் தருவது அந்தக் குரலைத்தான். தப்பாய்ப் போனால் பழியையும் அந்தக் குரல் வாங்கிக்கொள்ளும்.

அதை விட்டால் பழி நம் மேல். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முடிவைக் காரணத்தோடு நோட்டில் எழுதி மூன்று ராத்திரி விட்டுவிடுவேன். அப்புறம், அந்த முடிவால் நஷ்டப்படக்கூடிய ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். லாபம் வருகிறவரிடம் கேட்பதில் பிரயோசனமில்லை. பணம் போனாலும் தாங்குமா என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுவேன். தம்பி இரண்டாவது போர் போட இப்படித்தான் உட்கார்ந்தான். முடிவில் போரே போடவில்லை, சொட்டுநீர்க் குழாய் இழுத்தான்.

கஷ்டம்னு வந்தா யாரைங்க கும்பிடறது? நோட்டையா?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் ‘மாரியாத்தா’ என்று என் வாய் தானாகச் சொன்னது. அதை நோட்டிலும் எழுதியிருக்கிறேன். வெட்கப்படவில்லை. சின்ன வயசில் விழுந்தால் வந்த வார்த்தை, பெரிய வயசில் விழுந்தாலும் வரும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். பண்ணாரியில் குண்டம் இறங்கித் தீ மிதிக்கிறவரும் மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கிறவரும் துக்கத்தை உடம்பால் தூக்கி நடக்கிறார்கள். விரதம், நடை, தீ, கூட வருகிற கூட்டம். சொந்தமாக அமைத்துக்கொள்கிறவர்கள் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு, கஷ்டம் வந்தால் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். யோசித்தால் ஆறாது. உங்கள் உடம்புக்கும் ஒரு வேலை கொடுங்கள். எனக்கு விடிகாலையில் அமராவதிக் கரை வரை நடை. ஒரு டீச்சர், மகன் போனபிறகு, தினமும் ஒரு பானை சமைத்து ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோகிறார்.

ஐயர் இல்லாம, தாலி இல்லாமக்கூட கல்யாணம் பண்ணிக்கலாமுன்னு சொல்றாங்க. சட்டப்படி செல்லுமுங்களா?

செல்லும். 1967இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர், வேறு யாரோ முன்னிலையில், ‘உன்னைத் துணையாக ஏற்கிறேன்’ என்று இருவருக்கும் புரியும் மொழியில் சொல்வது, மாலையோ மோதிரமோ மாற்றுவது, தாலி கட்டுவது, இதில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. ஊரறியக் கூட்டம் கூட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்று எச்சரிக்கை. இது சட்டப்படி இருவரும் இந்து என்றால் மட்டும். ஒருவர் கிறிஸ்தவரோ முஸ்லிமோ என்றால் 1954ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டம், அதற்கு முப்பது நாள் அறிவிப்பு உண்டு. வயது, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பியிருக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். வருஷக்கணக்கில் விட்டுவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கும்போது ஓடிவருகிறவர்களை வாரம் இரண்டு பேராவது பார்க்கிறேன்.

சர்டிபிகேட்டில் ‘சாதி இல்லை, மதம் இல்லை’ன்னு போட்டுக்கலாமுங்களா?

பள்ளியில் சேர்க்கும்போது அந்த இடங்களை வெறுமையாக விட 1973லேயே அரசாணை வந்துவிட்டது. தலைமையாசிரியர் முகம் சுளித்தால் அதைக் காட்டலாம். தனியாகச் சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழை 2019இல் திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் சினேகா வாங்கினார், பல வருஷம் அலைந்த பிறகு.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் யோசியுங்கள். சாதிச் சான்று இல்லையென்றால் இட ஒதுக்கீடு இல்லை. பெற்றோர் கொள்கைக்குப் பிள்ளை விலை கொடுக்கலாமா என்பதை உங்கள் நோட்டில்தான் தீர்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் சான்றிதழை வைத்துக்கொண்டே சாதியை மறுப்பதில் எந்த முரணும் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, இந்து திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்களைப் பொதுவாகத் தங்களுக்குள் வைத்துக்கொள்கின்றன. நீங்கள் எதையும் நம்பாவிட்டாலும் அப்பா தோட்டத்தில் உங்கள் பங்கு அப்படியே இருக்கும். பயந்து பயந்து கேட்ட ஒரு பெண் இதைக் கேட்டபிறகுதான் டீ குடித்தாள்.

ஊர் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி கேக்கறாங்க. குடுக்கலாமா?

கொடுக்கலாம், நானும் கொடுத்திருக்கிறேன். கம்பம் நட்டு ஆடும் அந்த நாட்களில்தான் வெளியூர் போனவர்கள் எல்லாம் திரும்ப வருகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. வரியை யாரிடம் வாங்குகிறார்கள் என்று பார்ப்பதைவிட, யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்று பாருங்கள். ஊரில் ஒரு தெருவை மட்டும் விட்டுவிட்டு வசூல் நடந்தால் என் வீட்டு வரியும் கிடையாது. ஒரு வருஷம் இதைச் சொல்லிப் பெரிய வாக்குவாதம் ஆனது. இப்போது என்னிடம் நோட்டீஸ் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து?

மாமன் மடியில் உட்காரவைக்கும் வரை எனக்குச் சம்மதம், குழந்தைக்கு ஒரு மாமன் இருக்கிறான் என்று தெரியட்டும். கடன் வாங்கிக் கிடாவெட்டுக்கு ஐந்நூறு பேரைக் கூப்பிடுவது வேண்டாம். அவ்வளவுதான்.

எங்கப்பாவுக்குக் கருமாதி பண்ண மாட்டேன்னு சொல்லலாமுங்களா? பண்ணலைன்னா மனசு கேக்காதுங்களே.

அவர் நம்பியிருந்தால் பண்ணுங்கள். சாவு செத்தவருடையது, உங்கள் கொள்கையை அங்கே நிறுவ வேண்டாம். என் அப்பாவுக்கு மூன்றாம் நாள் பால் ஊற்றியதிலிருந்து கருமாதி வரை எல்லாம் நடந்தது. தம்பி மொட்டை போட்டான். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் கேட்டதை அவருக்குச் செய்தோம்.

உங்கள் சாவு உங்களுடையது. அதை எழுதி வையுங்கள், வாயால் சொன்னது பத்தாது. கண் தானம் என்றால் இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதனால் போன் நம்பர் பீரோவுக்குள் இருக்கக் கூடாது, காலண்டர் ஆணியில் தொங்க வேண்டும். உடல் தானத்துக்குப் படிவம் கொடுத்திருந்தாலும் கடைசியில் குடும்பம்தான் கல்லூரிக்குத் தகவல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் பொதுவாக வாங்க மாட்டார்கள். நான் படிவம் டைப் அடித்துக் கொடுத்த ஒருவரை, தானம் கொடுக்காமலே எரித்துவிட்டார்கள். மகனுக்குத் தெரியும், பெரியப்பாவை எதிர்த்துச் சொல்லத் தைரியமில்லை. அதனால் இப்போதெல்லாம் படிவம் எழுத வந்தால், எதிர்ப்புச் சொல்லக்கூடிய உறவுக்காரரையும் கூட்டிவந்து சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன்.

கோவிச்சுக்காதீங்க. உங்க வசதிக்குத் தக்கன மாத்தி மாத்தி எழுதிக்கிறதுதானே இது?

கோபமில்லை. இதுதான் சரியான கேள்வி. மதத்துக்குள் இருக்கிறவரை அதட்ட ஒரு நூலும் ஒரு பெரியவரும் இருப்பார்கள். நம்மை அதட்ட யார்? நானும் ஏமாற்றியிருக்கிறேன். காசுக்குக் கணக்கு என்று மேலே பெருமையாக எழுதினேனே, ஒரு வருஷம் வியாபாரம் படுத்தபோது ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கூட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் மட்டும் வாங்கினேன். நோட்டில் ‘கடை வாடகை உயர்வு’ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்தே கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.

அதிலிருந்து இரண்டு விதி வைத்தேன். நோட்டில் எதையும் கிழிக்கக் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் தேதி போடலாம். அடிக்கும் தேதியில் அந்த மாற்றத்தால் எனக்கு லாபமா நஷ்டமா என்று ஒரு வரி எழுத வேண்டும். பத்து மாற்றத்தில் ஒன்பது லாபப் பக்கமே சாய்ந்திருந்தால், பிறர் சொல்லாமலே புரிந்துவிடும். என் நோட்டில் இதுவரை பதினாலு மாற்றம், ஒன்பது லாபம். சுமார்தான்.

நாலு பேரு சேந்து இதையே பண்ணலாமுன்னு இருக்கறோம். வாரம் ஒருநாள் கூடலாமா?

கூடுங்கள், டீ குடியுங்கள். தலைவர், படம், உண்டியல் மூன்றும் வராத வரை நல்லது. மூன்றில் முதலில் வருவது படம்தான். சிலையைக் கும்பிட வேண்டாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பெரியாருக்கே ஊர் ஊராகச் சிலை வைத்து மாலை போடுகிறோம். நமக்குக் கை அப்படிப் பழகிவிட்டது.

போன மாதம் என் மகள், “அந்த நோட்டை எனக்குக் குடும்மா, அதையே நானும் வச்சுக்கறேன்” என்றாள். கொடுக்கவில்லை. கடையிலிருந்து புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இதுவரை முதல் பக்கத்தில் மளிகைக் கணக்குத்தான் எழுதியிருக்கிறாள்.